ஏவி–எச்டிஎம்ஐ பெட்டி: பழைய கேம் கன்சோலை கம்ப்யூட்டர் மானிட்டரில் மாட்ட இது தேறுமா?

புதுச்சேரி நேரு வீதியைச் சுற்றியுள்ள கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டாலும் சரி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் சாலைப் பக்கம் கேட்டாலும் சரி, “பிஎஸ்2-வை (பிளேஸ்டேஷன் 2) மானிட்டரில் மாட்டணும்” என்றதும் எடுத்துத் தருவது அநேகமாக ஒரே பொருள்தான். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள். எதிர்ப்பக்கம் எச்டிஎம்ஐ. ஓரத்தில் ஒரு மினி யூஎஸ்பி துளையும் 720பி, 1080பி என்று மாற்றும் சின்ன சுவிட்சும் இருக்கும். மேலே ‘ஏவி2எச்டிஎம்ஐ’ என்று அச்சடித்திருப்பார்கள். தெரிந்த கம்பெனிப் பெயர் இருக்காது. எந்த அட்டைப்பெட்டியில் வந்தாலும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே சரக்கு. விலை ஏறக்குறைய ரூ.300 முதல் ரூ.600 வரை.

டிவி கேமுக்கும், நிதானமாக ஆடும் பிஎஸ்1, பிஎஸ்2 ஆட்டங்களுக்கும் இந்தப் பெட்டி போதும். சண்டை ஆட்டம், கார் ரேஸ், தாளத்துக்குப் பட்டன் அழுத்தும் ஆட்டம் ஆகியவற்றுக்கு வாங்கினால் வருத்தப்படுவீர்கள். பிஎஸ்3, பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. அவற்றிலேயே எச்டிஎம்ஐ இருக்கிறது. மானிட்டரில் விஜிஏ (15 பின் உள்ள பழைய மானிட்டர் துளை) மட்டும் இருந்தால் அவர்களுக்கு வேண்டியது வேறொரு அடாப்டர். அதைப் பின்னால் பார்ப்போம்.

வெறும் ஒயர் ஏன் வேலை செய்யாது

கடைகளில் ஒரு முனையில் மூன்று ஆர்சிஏ பின் (அதே மஞ்சள், வெள்ளை, சிவப்பு), மறுமுனையில் விஜிஏ என்று ஓர் ஒயரும் தொங்கும். பெட்டியைவிட மலிவு என்பதால் பலர் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். வாங்க வேண்டாம். டிவி கேம், பிஎஸ்1, பிஎஸ்2 எல்லாம் மஞ்சள் ஒயரில் அனுப்பும் படம் சிஆர்டி டிவிக்காக, அதாவது படக்குழாய் வைத்த பழைய டிவிக்காக உருவானது. நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள், அதாவது 15.7 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வரைவது. கம்ப்யூட்டர் மானிட்டரின் கையேட்டைப் புரட்டினால் ஹாரிசான்டல் ஃப்ரீக்வென்சி (கோடு வரையும் வேகம்) 30 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் என்பதுபோல் இருக்கும். 15.7 என்பது அந்த வரம்புக்குள்ளேயே வராது. போதாததற்கு மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகவும், படத்தை நிறுத்திவைக்கும் சிங்க் தனியாகவும் போக வேண்டும். வெறும் செம்பு ஒயர் இதைப் பிரிக்காது. அந்த ஒயர், விஜிஏ துளையிலேயே காம்போனென்ட் சிக்னலை (வெளிச்சமும் நிறமும் தனித்தனி ஒயரில் வருவது) வாங்கிக்கொள்ளும் சில புரொஜெக்டர்களுக்கானது.

ஆக, வரும் படத்தை வாங்கி, நிறத்தைப் பிரித்து, நினைவில் வைத்து, மானிட்டர் ஏற்கும் வேகத்தில் திரும்ப வரைந்து அனுப்பும் சிப் ஒன்று நடுவில் இருந்தே ஆக வேண்டும். பெட்டியின் நல்லதும் கெட்டதும் அந்தச் சிப்பிலிருந்துதான் வருகின்றன.

வாங்கும்போதே கவிழ்க்கும் இரட்டையர்

‘எச்டிஎம்ஐ2ஏவி’ என்று இன்னொரு பெட்டி உண்டு. அதே அளவு, அதே நிறம், அதே துளைகள். வேலை மட்டும் தலைகீழ்: எச்டிஎம்ஐயை வாங்கிப் பழைய டிவிக்கு ஏவியாகக் கொடுப்பது. மாற்றி வாங்கினால் எதை எப்படிச் செருகினாலும் படம் வராது. அட்டைப்பெட்டியை நம்பாமல் பெட்டியின் மேல் அச்சைப் பாருங்கள். மூன்று வண்ணத் துளைகள் உள்ள பக்கத்தில் ‘இன்புட்’ என்றும், எச்டிஎம்ஐ பக்கத்தில் ‘அவுட்புட்’ என்றும் இருக்க வேண்டும். “பெட்டி டெட்” என்று கடைக்குத் திரும்புபவற்றில் கணிசமானவை இந்தக் குழப்பம்தான்.

மாட்டும் முறை

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. டிவி கேமின் அடாப்டரும் பெட்டியின் சார்ஜரும் இரண்டு பின் வகை, எர்த் கிடையாது. மின்சாரம் ஓடும்போது ஏவி பின்னின் உலோக விளிம்பைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருப்பது இதனால்தான். அந்தக் கசிவு செருகும் நொடியில் சிக்னல் துளை வழியே பாய்ந்தால் சிப் போய்விடலாம்.

முதலில் ஏவி ஒயர், அடுத்து எச்டிஎம்ஐ ஒயர். பிறகு சுவிட்சை 720பி பக்கம் தள்ளுங்கள். மினி யூஎஸ்பிக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் போன் சார்ஜர் போதும். கன்சோலின் யூஎஸ்பி துளையிலிருந்தோ மானிட்டரின் யூஎஸ்பியிலிருந்தோ எடுத்தால் சில பெட்டிகள் ஓடும், சில நடுவில் படம் விட்டுவிட்டு வரும். சார்ஜரே மேல். பெட்டி விளக்கு எரிந்ததும் மானிட்டரைப் போட்டு, எச்டிஎம்ஐ இன்புட்டைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் கன்சோலைப் போடுங்கள்.

டிவி கேமில் மஞ்சள், வெள்ளை என்று இரண்டே பின் இருக்கும். அது மோனோ. வெள்ளையை மட்டும் செருகினால் ஒலி இடப்பக்கம் மட்டும் வரும். ஒரு பெண், இரண்டு ஆண் முனை உள்ள ஆர்சிஏ ‘ஒய்’ ஒயர் வாங்கி வெள்ளையையும் சிவப்பையும் நிரப்பினால் இரு பக்கமும் வரும்.

படம் சாய்ந்தோ உருண்டோ வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெட்டியை அல்ல, பின்னை. கடற்காற்று படும் ஊர்களில், முத்தியால்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ பரணில் கிடந்த ஏவி ஒயரின் உள்பின் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துளையையும் பின்னையும் துடைத்து, செருகிய நிலையில் நாலைந்து முறை இடமும் வலமுமாகத் திருகுங்கள். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

720பியா, 1080பியா

சுவிட்சை 1080பிக்குத் தள்ளினால் படம் தெளிவாகும் என்று நினைப்பது இயல்பு. உள்ளே வருவது 240 அல்லது 480 கோடுகள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் உள்ள ‘பால்’ டிவி முறை என்றால் 288 அல்லது 576. அதைப் பெரிதாக்கி அனுப்புகிறார்கள், அவ்வளவே. மானிட்டர் 1920×1080 என்றால் 1080பி வையுங்கள். மானிட்டர் இரண்டாம் முறை பெரிதாக்கிக் குழப்புவது தவிரும். 1366×768, 1440×900, 1280×1024 மானிட்டர்களுக்கு 720பி.

17 அங்குலச் சதுர மானிட்டருக்கு 1080பி கொடுத்தால் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று மிதக்கும். காரணம் கணக்கில் இருக்கிறது. 1080பி 60 ஹெர்ட்ஸுக்கு பிக்சல் கிளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ். அந்த மானிட்டர்கள் பெரும்பாலும் 1280×1024, 75 ஹெர்ட்ஸ் வரை செல்ல வடிவமைக்கப்பட்டவை; அதற்குத் தேவை 135 மெகாஹெர்ட்ஸ்தான். 720பிக்கு 74.25 மெகாஹெர்ட்ஸ், கோட்டு வேகம் 45 கிலோஹெர்ட்ஸ். தாராளமாக உள்ளே அடங்கும்.

இந்தப் பெட்டியின் எரிச்சலூட்டும் குணம், 4:3 படத்தை 16:9க்கு இழுத்துவிடுவது. மாரியோ குண்டாகிவிடுவார், பந்து முட்டையாகிவிடும். பெட்டியில் இதை மாற்ற பட்டன் கிடையாது. மானிட்டர் மெனுவில் ‘இமேஜ் சைஸ்’ அல்லது ‘ஆஸ்பெக்ட்’ என்ற இடத்தில் 4:3 இருந்தால் அதைப் போடுங்கள். அகலம் சுருங்கிச் சரியாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரவுசிங் சென்டர்களும் அலுவலகங்களும் கழித்துக்கட்டிய 17 அங்குல 1280×1024 மானிட்டர்களை ஏளனமாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் பெட்டி 4:3ஐ 16:9க்கு இழுக்க, அந்த மானிட்டர் 16:9ஐ மறுபடி 5:4க்கு அமுக்க, இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு படம் ஏறத்தாழ சரியான வடிவத்துக்கு வந்துவிடுகிறது. உயரம் ஆறேழு சதவீதம் கூடுதலாக இருக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. டிவி கேமுக்கென்றே மானிட்டர் தேடுகிறவர்கள் அகலத்திரையைவிட இதை எடுக்கலாம்.

விஜிஏ மட்டும் உள்ள மானிட்டருக்கு

பெட்டியின் எச்டிஎம்ஐயிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ–விஜிஏ அடாப்டர் போட வேண்டும். ரூ.200 முதல் ரூ.400 வரை. இதிலும் இரண்டு ரகம். வெறும் குட்டை ஒயரும் விஜிஏ துளையும் மட்டும் உள்ளது ஒன்று, பக்கவாட்டில் 3.5 மிமீ ஒலித் துளையும் மைக்ரோ யூஎஸ்பி துளையும் உள்ளது மற்றொன்று. சில்லறையைப் பார்க்காமல் இரண்டாவதையே வாங்குங்கள். எச்டிஎம்ஐயின் 18ஆம் பின் 5 வோல்ட் தருகிறது. ஆனால் தரநிலைப்படி படம் அனுப்பும் கருவி கொடுக்கக் கடமைப்பட்டது 55 மில்லிஆம்பியர் மட்டுமே. அடாப்டரின் சிப் அதைவிட அதிகம் கேட்டால், சூடு ஏறிய சில நிமிடங்களில் திரை கறுத்துக் கறுத்து வரும். மைக்ரோ யூஎஸ்பியில் தனியாக மின்சாரம் கொடுத்தால் அது நின்றுவிடும்.

படம் ஒரு பக்கம் ஒதுங்கி வந்தால் மானிட்டரின் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ பட்டனை, வெளிச்சமான காட்சி திரையில் இருக்கும்போது அழுத்துங்கள். கறுப்புத் திரையில் அழுத்தினால் ஓரம் எங்கே என்று மானிட்டருக்குத் தெரியாமல் இன்னும் மோசமாகத் தள்ளிவிடும்.

மானிட்டரில் டிவிஐ இருந்தால் விஜிஏ பக்கமே போக வேண்டாம். எச்டிஎம்ஐ–டிவிஐ ஒயரில் சிப் கிடையாது. இரண்டிலும் ஓடுவது ஒரே டிஜிட்டல் சிக்னல். சாதாரண மாற்று முனை போதும், படமும் கூர்மை. ஒலியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கிலியில் எது இருந்தாலும் ஒலிக்கு ஒரு யோசனை: வெள்ளை, சிவப்பு பின்களைப் பெட்டியில் செருகவே செருகாதீர்கள். 2 ஆர்சிஏ–3.5 மிமீ ஒயர் ஒன்றால் நேராகக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுங்கள். அடாப்டர் வழியே வரும் இரைச்சல் இல்லாமல் போகும். ‘ங்’ என்ற உறுமல் தொடர்ந்தால் மானிட்டர், ஸ்பீக்கர், கன்சோல் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், எர்த் சரியாக உள்ள பாயின்ட்டிலிருந்து எடுங்கள்.

படத்தின் தரம்

மஞ்சள் ஒயரின் குறைகளை எந்தப் பெட்டியும் போக்காது. சிவப்பு எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் நகரும். சின்ன எழுத்து கலங்கும். மானிட்டரின் ஷார்ப்னெஸ் அளவைப் பாதிக்குக் கீழே இறக்கினால் பார்க்கச் சகிக்கும். கறுப்பு வெளுத்துத் தெரிந்தால் ‘எச்டிஎம்ஐ பிளாக் லெவல்’ என்ற அமைப்பைத் தேடுங்கள். இல்லாத மானிட்டரில் பிரைட்னெஸைச் சற்றுக் குறைத்து கான்ட்ராஸ்டை ஏற்றுங்கள்.

இதைவிடப் பெரிய குறை வேறு. டிவி கேமும் பிஎஸ்1 ஆட்டங்களில் பெரும்பாலானவையும் 240பி, அதாவது ஒவ்வொரு முறையும் முழுப் படமாகவே வருகின்றன. பெட்டியோ எல்லாவற்றையும் ‘480ஐ’ (480i) என்றே எடுத்துக்கொள்கிறது: ஒற்றைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைக் கோடுகள் மறுமுறை என்று நினைத்து அடுத்தடுத்த இரு படங்களைப் பின்னிவிடுகிறது. ஓடும் பாத்திரத்தின் விளிம்பு கோடுகோடாகப் பிரிகிறது. அடிபட்டதும் மினுக்க வேண்டிய பாத்திரம், ஒரு ஃப்ரேமில் தெரிந்து மறு ஃப்ரேமில் மறைய வேண்டியது, மினுக்காமல் வரிவரியாக நிற்கிறது. சில நேரம் ஒரேயடியாகக் காணாமலும் போகும். இது பழுதல்ல, பெட்டியை மாற்றிக் கேட்டாலும் இன்னொன்றும் இப்படித்தான் இருக்கும்.

தாமதம் அடுத்தது. ஒரு படத்தையாவது முழுசாக வாங்கி வைத்துக்கொண்டால்தான் சிப் வேலை தொடங்க முடியும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட், 50 ஹெர்ட்ஸில் 20. அதன்மேல் மானிட்டரின் சொந்தத் தாமதம். உங்கள் கூட்டணியில் எவ்வளவு என்று அறிய ஒரு வழி: மஞ்சள் ஒயரை ‘ஒய்’ ஒயரால் பிரித்து ஒரு முனையைச் சிஆர்டி டிவிக்கும் மறுமுனையைப் பெட்டிக்கும் கொடுங்கள். இரண்டு திரையும் ஒரே ஃப்ரேமில் வருமாறு போனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் பிடியுங்கள். டிவியில் ஒரு காட்சி மாறியபின் மானிட்டரில் மாறும்வரை எத்தனை ஃப்ரேம் என்று எண்ணி, ஒன்றுக்கு 4 மில்லிசெகண்ட் என்று பெருக்கினால் விடை. பிரித்ததால் படம் மங்கும். அளக்க அது போதும்.

கடலூர்ப் பக்கம் பல வீடுகளில், 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் 14 அங்குல டிவி இன்னும் மூலையில் இருக்கும். டிவி கேமுக்கு அதற்கு நிகரான திரை எந்தப் பெட்டியாலும் கிடைக்காது. அது ஓடுகிற நிலையில் இருந்தால் மானிட்டர், பெட்டி எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

பிஎஸ்2க்கென்று தனி முனை

பிஎஸ்2வின் ஏவி துளையிலேயே செருகும் கட்டைவிரல் அளவு ‘பிஎஸ்2–எச்டிஎம்ஐ’ முனை ஒன்றும் கிடைக்கிறது. இது மஞ்சள் ஒயரின் கலப்புப் படத்தை விட்டு, காம்போனென்ட் சிக்னலை எடுப்பதால் நிறம் அப்பட்டமாக நன்றாக இருக்கும். ஆனால் இதில் பெரிதாக்கும் வேலை நடப்பதில்லை. 480ஐ உள்ளே வந்தால் 480ஐதான் வெளியே போகும். டிவிகள் அதை ஏற்கும். கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பல ஏற்காமல் ‘நோ சிக்னல்’ காட்டும். பிஎஸ்1 டிஸ்க்கைப் போட்டால் 240பி. அதை ஏற்பவை இன்னும் குறைவு. மானிட்டருக்காக என்றால், கையில் உள்ள மானிட்டரிலேயே போட்டுப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்ற உறுதி இல்லாமல் இதை வாங்க வேண்டாம்.

வாங்கியவர்கள் செய்ய வேண்டிய ஒன்று: முதலில் சாதாரண மஞ்சள் ஒயரில் டிவியில் மாட்டி, டிஸ்க் இல்லாமல் பிஎஸ்2வைப் போட்டு, சிஸ்டம் கான்ஃபிகரேஷன், காம்போனென்ட் வீடியோ அவுட் என்ற இடத்தில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி) இருந்தால் ‘ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர்’ என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நிறம் கெட்டோ உருண்டோ வரும், அல்லது வராது. பிஎஸ்2வின் கடிகார பேட்டரி தீர்ந்திருந்தால் இந்த அமைப்பு அணைத்ததும் மறந்துவிடும். பழைய பருத்த மாடலில் அது சிஆர்2032 வகைப் பட்டன் செல்.

சில ஆட்டங்கள் 480பி, அதாவது முழுப் படமாக வரும் 480 கோடுகள் தரும். தொடங்கும்போது முக்கோணம், எக்ஸ் பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் கேட்கும் ஆட்டங்களும் உண்டு. ஆப்ஷன்ஸ் மெனுவில் வைத்திருப்பவையும் உண்டு. 480பி என்றால் கோட்டு வேகம் 31.5 கிலோஹெர்ட்ஸ், மானிட்டர்கள் மகிழ்ச்சியாக ஏற்கும். ஐரோப்பிய ‘பால்’ டிஸ்க்குகள் பலவற்றில் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் சிக்கல். நின்டெண்டோ ‘வீ’ (Wii) கன்சோலுக்கு வரும் இதேபோன்ற முனைக்கு இந்தத் தொல்லை குறைவு: வீ செட்டிங்ஸில் 480பி என்று வைத்துவிட்டால் மெனுவும் பெரும்பாலான ஆட்டங்களும் அதிலேயே ஓடும்.

பிஎஸ்2வை விஜிஏ மானிட்டரில் உருப்படியாக ஆட விரும்புகிறவர்கள் ஜிபிஎஸ்-8200 என்ற திறந்த சர்க்யூட் போர்டைப் பார்க்கலாம். காம்போனென்ட், ஆர்ஜிபி வாங்கி விஜிஏ தருவது. ஆர்கேட் மெஷின்களுக்காக வந்தது. மஞ்சள் ஒயரை ஏற்காது, பிஎஸ்2வுக்குக் காம்போனென்ட் ஒயர் தனியே வேண்டும். சால்டரிங் தெரிந்தவர்கள் ஒரு ஈஎஸ்பி8266 (சின்ன வைஃபை சிப்) சேர்த்து ‘ஜிபிஎஸ் கன்ட்ரோல்’ மென்பொருள் ஏற்றினால் 240பியையும் சரியாகக் கையாளும். பெட்டியில் இல்லாத ஒழுங்கு இதில் உண்டு, பொறுமையும் வேண்டும்.

பிரான்ஸிலிருந்து வந்த கன்சோல்

புதுச்சேரியில் இது தனி அத்தியாயம். சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்கள்) குடும்பங்களிலும், பிரான்ஸில் சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளிலும் அங்கிருந்து வந்த கன்சோல்கள் நிறைய. அவற்றின் ஒயர் முனையில் பட்டையான 21 பின் ஸ்கார்ட் கட்டை இருக்கும். பிரான்ஸில் 1980 முதல் டிவிகளில் கட்டாயமாக இருந்தது அது. பதற வேண்டாம். கட்டையில் மூன்று வண்ணப் பின்கள் செருகியிருந்தால் அவற்றைப் பிடுங்கினால் சாதாரண ஏவி ஒயர் கிடைத்துவிடும். மேலே சொன்ன பெட்டி போதும். ஒயரும் கட்டையும் ஒரே வார்ப்பாக இருந்தால் அது ஆர்ஜிபி ஒயராக இருக்கக்கூடும். அதற்கு ஸ்கார்ட்–எச்டிஎம்ஐ பெட்டி தேவை. மலிவானவற்றில் சில ஸ்கார்ட் துளை வைத்துக்கொண்டு உள்ளே மஞ்சள் ஒயரின் சிக்னலை மட்டும் எடுக்கும். படத்தில் எறும்பு ஊர்ந்தால் ஏமாந்தீர்கள் என்று பொருள்.

பிரெஞ்சு மின்சாரமும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். ஆனால் அவர்களுடைய தடித்த வட்ட பிளக் நம் ஐந்து ஆம்பியர் சாக்கெட்டில் தளர்ந்து நிற்கும், எர்த்தும் சேராது. மாற்று முனை வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பருத்த பிஎஸ்2 வேறு கதை: அது 120 வோல்ட் மட்டுமே. நேராகச் செருகினால் முடிந்தது.

ஐரோப்பிய ஆட்டங்கள் பல 50 ஹெர்ட்ஸ். பெட்டி அதை 60ஆக மாற்றி அனுப்புவதால் பக்கவாட்டில் திரை நகரும்போது விட்டுவிட்டு இழுக்கும். தொடக்கத்தில் 50/60 கேட்கும் ஆட்டங்களில் 60ஐத் தேர்ந்தெடுங்கள்.

எச்டிஎம்ஐ உள்ள கன்சோல்கள்

பிஎஸ்3ஐ விஜிஏ அடாப்டரில் மாட்டும்போது வரும் கறுப்புத் திரைக்கு முதல் காரணம் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு. பிஎஸ்3 ஆட்டம், படம் எதுவானாலும் எச்டிஎம்ஐயைப் பூட்டியே அனுப்பும், அணைக்க வழியில்லை. அந்தப் பூட்டைத் திறக்கும் சிப் உள்ள அடாப்டர் வேண்டும். பிஎஸ்4இல் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் எச்டிசிபியை அணைக்கலாம், ஆட்டங்கள் பாதிக்காது. முன்பு வேறு டிவியில் மாட்டியிருந்த பிஎஸ்3 படமே காட்டவில்லை என்றால், சிவப்பு விளக்கு எரியும் நிலையில் பவர் பட்டனை இரண்டாம் பீப் கேட்கும்வரை பிடியுங்கள். பிஎஸ்4ஐ முழுதாக அணைத்துவிட்டு பவர் பட்டனை அதேபோல் பிடித்தால், சுமார் 7 வினாடியில் சேஃப் மோட் வரும். ‘சேஞ்ச் ரெசல்யூஷன்’ அங்கே.

ஆர்ஜிபி ரேஞ்சை ‘ஃபுல்’ ஆக்குங்கள், ஒலியை ‘லீனியர் பிசிஎம்’ இரண்டு சேனலுக்கு மாற்றுங்கள். டால்பி விட்டுவைத்தால் அடாப்டரின் 3.5 மிமீ துளை மௌனம் சாதிக்கும்.

எக்ஸ்பாக்ஸ் 360க்கு, 2013இல் வந்த ‘ஈ’ மாடல் தவிர, விஜிஏ ஒயரே உண்டு. கன்சோலே விஜிஏ சிக்னல் தருவதால் சிப்பும் இல்லை, தாமதமும் இல்லை. மெனுவில் 1280×1024, 1440×900 கூட வரும். ஒயர் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

பழைய டிவி டியூனர் பெட்டி

சிஆர்டி மானிட்டரில் கேபிள் டிவி பார்க்க முன்பு விற்ற, ரிமோட்டோடு வரும் டிவி டியூனர் பெட்டியை நினைவிருக்கும். கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு மாறியபின் அவை தூசியில். ஏவி இன், விஜிஏ அவுட், ஸ்பீக்கர் அவுட் எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதால், விஜிஏ மானிட்டர்காரர்களுக்கு இரண்டு அடாப்டர் சங்கிலியைவிட இது சுத்தம். ஏவி துளை இல்லாமல் ஆன்டெனா ஒயர் மட்டும் உள்ள மிகப் பழைய டிவி கேமுக்கு இதை விட்டால் வேறு கதியும் இல்லை. சேனல் சர்ச் போட்டால் பிடித்துக்கொள்ளும். புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் இப்படிப்பட்ட பழைய சரக்கைத் துழாவலாம். ரிமோட்டும் அடாப்டரும் சேர்ந்து இருந்தால் மட்டும் வாங்குங்கள்: ரிமோட் இல்லாமல் ரெசல்யூஷன் மாற்ற முடியாது, அடாப்டரின் வோல்ட் பெட்டிக்குப் பெட்டி மாறும்.

அரசு கொடுத்த லேப்டாப்பை மானிட்டராக்கலாமா என்ற கேள்வியும் கடைகளில் அடிக்கடி எழுகிறது. அதன் எச்டிஎம்ஐ, விஜிஏ துளைகள் படம் வெளியே அனுப்ப மட்டுமே. கன்சோலை அதில் செருகினால் எதுவும் நடக்காது. எச்டிஎம்ஐ–யூஎஸ்பி கேப்சர் முனை வாங்கினால் ஒரு ஜன்னலில் படம் தெரியும், ஆனால் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே நன்றாகவே இடைவெளி விழும். ஆட்டத்தைப் பதிவு செய்ய சரி, ஆடச் சரிவராது.

கடைக்குப் போகும்போது கன்சோலைத் தூக்கிச் செல்ல முடியாவிட்டாலும், ஏவி துளை உள்ள பழைய டிவிடி பிளேயரையோ செட்டாப் பாக்ஸையோ கடைக்காரரிடமே கேளுங்கள். பெட்டியை அதில் மாட்டி, 720பி, 1080பி இரண்டும் வருகிறதா, பத்து நிமிடத்துக்குப் பிறகும் படம் நிற்கிறதா, மினி யூஎஸ்பியை லேசாக அசைத்தால் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். இந்தப் பெட்டிகளில் சிப்பைவிட அந்தத் துளைதான் முதலில் ஆட்டம் காணும். அதனால் வீட்டில் ஒருமுறை செருகியபின் மினி யூஎஸ்பியைப் பிடுங்காமல், சார்ஜர் பக்கத்து சுவிட்சிலேயே அணைத்துப் போடுங்கள்.